வரப்பு வரைக்கும் கோரை

அரியூர் நாடு என்ற தமிழ்நாட்டு மலைக்கிராமத்தின் நெல்வயல் ஒன்றில் நிற்கிறேன். என் கையிலுள்ள புத்தகத்தின்படி இந்தக் கோரை கேரள மலைகளைத் தாண்டி வளர்வதில்லை. இங்கே நாற்றுகளுக்கு நடுவே பூத்து நிற்கிறது. வேரோடு ஒன்றை எங்கள் தாவர ஆய்வுத் துறைக்கு அனுப்பினால்தான் புத்தகத்தைத் திருத்துவார்கள். களையெடுக்கும் வயல்கார அம்மாவோ மளமளவென்று அதைத்தான் பிடுங்கிச் சேற்றுக்குள் மிதித்துக்கொண்டே வருகிறார். அவசரமாக அனுமதிப் படிவத்தை நீட்டுகிறேன்.

"ஒரு கோரை எடுத்துக்கொள்ளலாமா? இதில் கையெழுத்துப் போடுங்கள்."

"கோரை புடுங்கக் கையெழுத்துங்களா? ஒண்ணு எதுக்குங்க, அந்த வரப்பு வரைக்கும் நீங்களே புடுங்கிக்குங்க சாமி."

என் முப்பது வருட சர்வீஸில் எந்த விண்ணப்பமும் இவ்வளவு வேகமாகப் பைசல் ஆனதில்லை. நிபந்தனைக்கு உட்பட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்குகிறேன்.