சூடம் அணைத்தவர்களும் அணைக்காதவர்களும்

புளத்கொகுபிட்டிய டவுனிலிருந்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வரும் ரோட்டில் ஓயா என்கிற சிற்றாற்றைக் கடக்க ஒரு மரப்பாலம் இருந்தது. தொண்ணூற்றாறாம் வருஷத்து வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு தென்னங்குற்றிகளைக் குறுக்கே போட்டு அதில்தான் நடந்தோம். அந்த ரோடு தோட்டத்துக்குச் சொந்தமில்லை, பிரதேச சபைக்குச் சொந்தம். ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் நாங்கள் மட்டும்தான். சபையில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆட்கள். எவனுக்கு அக்கறை? அந்த வருஷமே மறுபடி மழை பிடித்து ஓயா குற்றிக்கு மேலே போன ஒரு நாள், என் தங்கை ஜெயம்மாவுக்கு இந்தக் கரையிலேயே பிரசவமானது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த வேன் அந்தக் கரையில் நின்றுகொண்டிருந்தது. பிள்ளை பிழைக்கவில்லை.

அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தவள் விஜயகலா. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தாள். நாங்கள் ரப்பர் பால் வெட்டப் போகும்போது எங்கள் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள்தான். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. யார் எவர் என்று பார்க்காமல் முகத்துக்கு நேரே பேசிவிடுவாள். அடுத்த வருஷம் சபைத் தேர்தல் வந்தபோது, டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த கட்சி அமைப்பாளர் விஜேபால ஐயா, சிங்களத்தில் விஜேபால மாத்தயா, அவளைத் தேடி வந்ததில் அதிசயமில்லை. அவருக்குத் தோட்டத்து வாக்கு தேவைப்பட்டது. அவளுக்குப் பாலம் தேவைப்பட்டது.

தோட்டத் தொழிற்சங்கத்து யூனியன்காரர்கள் சிங்களக் கட்சிக்கு விலைபோய்விட்டாள் என்று அவளை எங்கள் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏசினார்கள். யூனியன் பேரில் தேர்தலில் நின்றால் இந்தப் பக்கம் இருக்கிற கொஞ்ச வாக்குக்கு ஓர் ஆள்கூட ஜெயிக்கமாட்டான், சபைக்குள்ளே போய் உட்கார்ந்தால்தான் பாலம் வரும் என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

வாக்குப் போடும் முறை இதுதான். முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பெருக்கல் குறி. பிறகு அந்தக் கட்சி ஆட்களில் மூன்று பேருடைய இலக்கங்களுக்கு மூன்று புள்ளடி. மனாபே என்பார்கள், விருப்பு வாக்கு. மனாபே யாருக்குக் கூடுகிறதோ அவர்களுக்குத்தான் கதிரை. விஜேபால மாத்தயா ஓர் ஏற்பாடு சொன்னார். தோட்டத்து ஆட்கள் விஜயகலாவுக்கு ஒன்று, கிராமத்தில் நிற்கும் தன்னுடைய இரண்டு ஆட்களுக்கு ஒவ்வொன்று என்று போட வேண்டும். அதற்குப் பதிலாகக் கிராமத்து ஆட்கள் மூன்றில் ஒன்றை விஜயகலாவுக்குப் போடுவார்கள்.

எங்கள் ஆட்கள் வாக்குக் கொடுத்தால் வாயால் கொடுப்பதில்லை. மாரியம்மன் கோயிலில் சூடம் கொளுத்தி, வீட்டுக்கு ஓர் ஆள் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினோம். நானும் பண்ணினேன். விஜேபால மாத்தயா செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக நின்று பார்த்தார். அவரை யாரும் அணைக்கச் சொல்லவில்லை. பெரிய மனுஷர், அவர் சொல்லே போதும் என்று நினைத்தோம். மடத்தனம்.

தேர்தலன்று நாங்கள் ஒரு புள்ளடிகூடத் தவறவில்லை. சத்தியம் ஆயிற்றே. கிராமத்தில் ஒருவன்கூட விஜயகலாவின் இலக்கத்தைச் சீண்டவில்லை. எங்கள் புள்ளடியில் அவருடைய இரண்டு ஆட்களும் மேலே போய் உட்கார்ந்தார்கள். விஜயகலா கீழே கிடந்தாள்.

மறுநாளே அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, கழுத்தில் மாலையோடு நன்றி சொல்ல வந்தார் விஜேபால மாத்தயா. வெட்கம் வேண்டாமா? ஊர் ஆட்களுக்கு எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை, தமிழ்ப் பெயர் என்றதும் கை வரவில்லை போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். விஜயகலாவிடம், அடுத்த தடவை பார்ப்போம் நங்கி, தங்கச்சி என்றார்.

"அடுத்த தடவ நாங்க சூடம் கொளுத்த மாட்டோம் மாத்தயா," என்றாள் விஜயகலா. "நீங்க ஒங்க ஊரு ஆளுங்கள கூட்டிக்கிட்டு ஒங்க பன்சலையில புத்தர் முன்னுக்கு சத்தியம் பண்ணுங்க. நான் வந்து பாக்குறேன்."

அவர் முகம் கறுத்துப் போயிற்று. பாலத்தைப் பற்றி நான் கேட்டேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். எங்கள் வாக்கில் வந்த இரண்டு பேரும் ஐந்து வருஷம் சபையில் இருந்தார்கள். ஒரு நாளாவது அந்தக் குற்றிமேல் நடந்து வந்தார்களா? இல்லை.

இரண்டாயிரத்து இரண்டில் அவள் மறுபடியும் அதே கட்சியில் நின்றாள். வேறு எந்தக் கட்சி எங்களைச் சேர்க்கப் போகிறது? விஜேபால மாத்தயாவும் அதே ஏற்பாட்டோடு வந்தார். அவள் மறுபேச்சுப் பேசவில்லை, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். பிறகு லயத்து வீடுகளில் ஒவ்வொரு காம்பராவாக ஏறி இறங்கி ஒன்றைத்தான் சொன்னாள். கட்சிக்கு ஒரு புள்ளடி, அவளுடைய இலக்கத்துக்கு ஒரு புள்ளடி, மற்ற இரண்டு இடத்தையும் வெறுமையாக விடுங்கள்.

எங்கள் புள்ளடி கிடைக்காமல் அவருடைய ஆட்கள் கீழே இறங்க, அவள் வென்றாள். அவருடைய ஆட்களில் ஒருவன் தோற்றான். தோட்டத்து ஆட்களை நம்பவே கூடாது, கழுத்தறுத்துவிட்டார்கள் என்று விஜேபால மாத்தயா டவுன் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

பாலத்துக்காக விஜயகலா சபையில் ஒவ்வொரு கூட்டத்திலும் கத்தினாள். அடுத்த வருஷம் வேலை தொடங்கியது. சீமெந்து, கம்பி, ஏழெட்டுப் பேர். ஒரு மாதத்துக்குள் பாலத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள்.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியது விஜேபால மாத்தயா. விஜயகலாவை ஓர் ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். நான் பாலத்தின் நடுவில் நின்று கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தேன். ஒரு மாத வேலை. இவர்கள் மனம் வைத்திருந்தால் ஜெயம்மாவின் பிள்ளை இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும். வயிறு எரிந்து அழுதேன். நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து விஜேபால மாத்தயா என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.