கனகாம்பாள் கல்கத்தாவில் கேட்ட சொல்

தெலுங்கு தெரியும் என்பதில் புதுவாயல் கனகாம்பாளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆந்திர எல்லையோர ஆரம்பாக்கம் சந்தையில் பேரம் பேசிப் பேசிக் கற்றுக்கொண்டதுதான். யாராவது பேசும்போது நடுவில் தெரிந்த சொல் ஒன்று வந்து விழும்; அதைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகித்துக்கொள்வாள். அப்படியே நாளாவட்டத்தில் மொத்தப் பாஷையும் வந்துவிட்டது.

அதனால்தான் 1966-ஆம் வருஷம் தை மாதம், அவள் புருஷன் ராஜவேலு கல்கத்தா ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று சேதி வந்தபோது அவளே கிளம்பினாள். ராஜவேலு கல்கத்தா போகும் லாரியில் கிளீனர். அவனுடைய அண்ணன் திருமலை, "எனக்கு அறுப்பு கீது, பாஷையும் தெரியாது" என்று கையை விரித்துவிட்டான். அறுப்பு அந்த மாதம் எல்லோருக்கும்தான் இருந்தது.

"பாஷ இன்னா பெரிய பாஷ? தெலுங்கு போதும். நான் போய் இட்டுக்கினு வரேன்" என்றாள் கனகாம்பாள்.

கூடூரில் ஹவுரா மெயிலைப் பிடித்தாள். ராஜமுந்திரி தாண்டியும் பெட்டி முழுக்க அவள் ராஜ்ஜியம்தான். எதிர் சீட்டுக்காரிகளிடம் குடும்பக் கதையெல்லாம் சொல்லி ஆயிற்று. ஒருத்தி இரண்டு வாழைப்பழம்கூடக் கொடுத்தாள். இச்சாபுரத்தோடு தெலுங்கு தீர்ந்துபோனது. பிறகு ஏறியவர்கள் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. தண்ணீர் கேட்பதற்கே கையை வாய்க்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

ஹவுராவில் சிக்காகோலு பக்கத்துத் தெலுங்குப் போர்ட்டர் ஒருவன் அகப்பட்டான். ஆஸ்பத்திரிப் பெயர் எழுதிய சீட்டை நாலு பேரிடம் காட்டி விசாரித்து, வாசல் வரை கொண்டுவந்து விட்டான். அடுத்த வண்டி வரும் நேரம் என்று உடனே திரும்பி ஓடினான். அவன் பிழைப்பு அப்படி, குறை சொல்ல முடியாது.

வார்டில் ஒரு நர்ஸ் சீட்டை வாங்கிப் பார்த்தாள். ரிஜிஸ்டரைப் புரட்டினாள். பிறகு எழுந்து வந்து கனகாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக என்னவோ சொன்னாள். கனகாம்பாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எதுவும் விழவில்லை. நர்ஸ் மறுபடியும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"மாரா கேச்சே."

விழுந்துவிட்டது. மாறுவது தமிழிலும் மாறுவதுதான், தெலுங்கிலும் மாறுவதுதான்.

"மாரிப்போயாடா?" என்று தெலுங்கில் கேட்டாள். அது போதாதென்று தமிழிலும் கேட்டாள். "வேற ஆஸ்பத்திரிக்கி மாறிட்டாரா?"

நர்ஸ் தலையை ஆட்டினாள். மூலையில் இருந்த கட்டிலைக் காட்டினாள். அதில் வேறு யாரோ ஒரு கிழவர் படுத்திருந்தார். ஆக, சந்தேகமே இல்லை. கனகாம்பாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு கையையும் கூப்பி முகம் நிறையச் சிரித்தாள். நர்ஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், கண் கலங்கியிருந்தது. இளகின மனசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் கனகாம்பாள்.

ரிஜிஸ்டரில் கைநாட்டு வாங்கிக்கொண்டு ஒரு சின்ன மூட்டையைக் கொடுத்தார்கள். அவனுடைய காக்கிச் சட்டை, ஒரு சீப்பு, பொடி டப்பா. போகிற அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எந்த ஆஸ்பத்திரிக்கு மாறினான் என்று வாசலில் நின்ற ஆட்களையெல்லாம் இரண்டு நாள் கேட்டாள். அவர்கள் பேசியதில் அவளுக்குத் தெரிந்த சொல் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் ரயில் ஏறிவிட்டாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கி மாத்திட்டாங்க. தேறினதும் வந்துடுவாரு" என்று தெரு முழுக்கச் சொன்னாள். திருமலை இரண்டு கார்டு எழுதிப் போட்டான், தமிழில். அதை அங்கே யார் படிப்பார்கள் என்று எழுதினவனும் யோசிக்கவில்லை, எழுதச் சொன்னவளும் யோசிக்கவில்லை. லாரி ஆபீசில் போய்க் கேட்டதற்கு, "ஆஸ்பத்திரில சேத்தோம், அதோட எங்க வேல முடிஞ்சுது" என்றார்கள்.

இரண்டு வருஷம் போனது. பக்கத்து வீட்டு அஞ்சம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஆஸ்பத்திரி மாறலடி, ஆளே மாறிட்டான். அங்க எவளையோ சேத்துக்கினு கீறான். தேறினவனுக்கு ஊடு வந்து சேர்றதுல இன்னா பேஜாரு?"

அன்றைக்குக் கனகாம்பாள் அவளோடு குடுமிப்பிடிச் சண்டை போட்டாள். அடுத்த வருஷம் அதையே அவளும் சொல்லத் தொடங்கினாள். விளக்கு வைக்கிற நேரம்கூடப் பார்க்காமல், "கட்டையில போறவன்" என்று ஏசினாள். ஒரு நாள் ஆத்திரத்தில் காக்கிச் சட்டையைக் கிழித்து அடுப்படியில் கரித்துணியாகப் போட்டாள். அதன் பிறகு ஏசுவதும் மெல்ல நின்றுபோனது. கோபம் போன இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. காலையில் எழுந்தாள், குங்குமம் வைத்தாள், வேலைக்குப் போனாள்.

1974-இல் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு கட்டடத்தில் அவள் சித்தாள். மேஸ்திரி தணிகாசலம் முன்பு கல்கத்தாத் துறைமுகத்தில் பத்து வருஷம் மூட்டை தூக்கியவர். வெல்டிங் வேலைக்கு அந்த ஊர்க்காரன் ஒருவன் வந்திருந்தான். ஒரு மத்தியானம் அவனுக்குத் தந்தி வந்தது. படித்துவிட்டு அப்படியே மணல்மேட்டில் உட்கார்ந்து அழுதான்.

"மா மாரா கேச்சே... மா மாரா கேச்சே..."

கனகாம்பாள் தலையில் கலவைச் சட்டியோடு நின்றுவிட்டாள்.

"இன்னாத்துக்கு மேஸ்திரி அழுவுறான்? அவங்க அம்மா ஊடு மாறிட்டாங்களா?"

"அம்மா செத்துட்டாங்களாம், கனகம்மா."

"மாறிட்டாங்கன்னு இல்ல சொல்றான்?"

"மாறுறதுக்கும் அதுக்கும் இன்னா சம்மந்தம்? மாரா கேச்சேன்னா அவங்க பாஷையில செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"ஆம்பளைக்கும் அப்டித்தான் சொல்வாங்களா?"

"யாரு செத்தாலும் அப்டித்தான்."

அவள் போய்க் கலவையைக் கொட்டிவிட்டு அடுத்த சட்டிக்கு வந்தாள். வேலை முடியும்வரை நடந்துகொண்டே இருந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. எட்டு வருஷத்துக்கு முந்திய சாவுக்கு இப்போது எங்கே உட்கார்ந்து அழுவது என்பதும் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் அஞ்சம்மாள் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கடந்து போகும்போது கனகாம்பாள் சொன்னாள்:

"அந்த நர்ஸப் பாத்து நான் சிரிச்சேன், அஞ்சம்மா. கையெடுத்துக் கும்பிட்டுச் சிரிச்சேன்."

"எந்த நர்ஸுடி?"

கனகாம்பாள் உள்ளே போய் உலை வைத்தாள். சோறு வெந்து பானையை இறக்கும்போது வழக்கம்போலக் கை கரித்துணிக்குப் போனது. முழுக்கக் கரியேறி இருந்தாலும் ஓரத்தில் காக்கி தெரிந்தது. பொத்தான் துளை ஒன்று பிய்யாமல் இருந்தது. அதை உதறி, நாலாக மடித்து, துணிப்பெட்டியில் சேலைகளுக்கு மேலே வைத்து மூடினாள். பிறகு வந்து பானையை வெறுங்கையால் இறக்கினாள்.

கீழே வைத்த பிறகுதான் கை வெந்திருப்பதைப் பார்த்தாள்.