ரிம் பிரேக் கூட்டிப்போன கல்யாணம்

போன ஞாயிறு, முன்பின் தெரியாத ஒரு மலாய்க் கல்யாணத்துக்குப் போய்வந்தேன். அழைப்பிதழ் இல்லை. கூட்டிப்போனது என் சைக்கிளின் ரிம் பிரேக்.

நானும் மச்சினன் குமரனும் ஞாயிறு காலையில் லாயாங் லாயாங் ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டுவோம். அவனுடையது டிஸ்க் பிரேக். சக்கரத்தின் நடுவில் ஒரு தட்டு. அதைக் கவ்விப் பிடிக்கும். என்னுடையதில் பழைய ரிம் பிரேக் — ரெண்டு ரப்பர் கட்டை, சக்கரத்தின் விளிம்பை அழுத்தும். மழையில் நனைந்தால் வழுக்கும் என்று குமரன் ஆறு மாதமாகச் சொல்கிறான். எடை குறைவு, ரிப்பேர் சுலபம் என்று நானும் ஆறு மாதமாகப் பதில் சொல்கிறேன். என் மனைவிக்கு ரெண்டு பிரேக்குமே அலுத்துவிட்டது.

அன்று ஓர் இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. வளைவில் திரும்பினால்... ரோட்டை அடைத்துக்கொண்டு நாலு மாடு.

முன்னால் போன குமரன் பிரேக்கைத் தொட்டான். நின்றான். நான் ரெண்டு கையாலும் அழுத்தினேன். கீச்சென்று சத்தம் மட்டும் வந்தது. மாட்டின் மேல் விடுவதா, மச்சினன் மேல் விடுவதா? இடது பக்கம் ஒரு கம்பத்துக்கு, அதாவது மலாய்க் கிராமத்துக்கு, இறங்கும் சாலை தெரிந்தது. திருப்பிவிட்டேன். அதுவும் இறக்கம்.

அடியில் கல்யாணப் பந்தல். மாப்பிள்ளைக்காகக் கொம்பாங் மேளத்தோடு காத்திருந்தவர்கள், மழைக்குள் ஏதோ வருவதைப் பார்த்து, மாப்பிள்ளைதான் என்று மேளத்தை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரையாவது இடித்துவிட்டால்? "பிரேக் தாக் மாக்கான்" என்று கத்தினேன். பிரேக் பிடிக்கவில்லை என்பதை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள் — பிரேக் சாப்பிடவில்லை என்று.

கூட்டம் விலகியது. பெண்ணின் அப்பாவுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி ஒருவழியாக நின்றது. மேளச் சத்தத்தில் அவர் காதில் விழுந்தது 'சாப்பிடவில்லை' மட்டும்தான் போல. இறுக்கமான ஜெர்சியில் சொட்டச் சொட்ட நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் சாப்பிடலையா? உட்காருங்க" என்றார் மலாயில்.

உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

மாடுகள் வழிவிட்டு குமரன் வந்துசேர இருபது நிமிடம் ஆனது. முகம் வெளுத்திருந்தது. நான் நெய்ச்சோற்றில் பாதி தாண்டியிருந்தேன்.

"மாமா... நான் உங்கள ஒவ்வொரு கால்வாயா எட்டிப் பார்த்துட்டு வரேன்."

வெட்கமாகத்தான் இருந்தது. என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனுக்கும் ஒரு தட்டு கேட்டு வாங்கினேன்.

மறுநாள் சைக்கிள் கடையில் விசாரித்தேன். டிஸ்க் வேண்டுமானால் வண்டியையே மாற்ற வேண்டுமாம். சரி, மாற்றுங்கள் என்றுவிட்டேன்.

எல்லா இறக்கத்தின் அடியிலும் கல்யாண வீடு இருக்காது, பாருங்கள்.