ஆயிரம் ரூபாய் போதும் என்றார்கள்

போன வருடம், மழைக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, உப்புவெளியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கழுத்துப்பட்டி கட்டிய இருவர் இறங்கினார்கள். எங்கள் ஒழுங்கைக்குள் கழுத்துப்பட்டியோடு வருபவர்கள் ஒன்று வேதம் சொல்ல வருவார்கள், அல்லது காப்புறுதி விற்க வருவார்கள். இரண்டுக்கும் என்னிடம் மறுமொழி தயாராக இருந்தது.

வந்தவர்கள் கேட்டதோ வேறு. என்னோடு கந்தோரில் வேலை செய்த ஒருவர், இருபது வருடத்துக்கு முன்னர் மோட்டார் சைக்கிள் வாங்கக் கடன் எடுத்தாராம். நான் பிணை நின்றேனாம். அவர் இப்போது கனடாவிலோ மேலுலகத்திலோ, அவர்களுக்கும் தெரியவில்லை. கடன் கொடுத்த கம்பனியும் மூடியாகிவிட்டது. அந்தக் கடனை இவர்களுடைய கம்பனி வாங்கியிருக்கிறதாம். கடனையும் விலைக்கு வாங்குவார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. வட்டியோடு நாலு இலட்சம். பத்திரத்தைக் காட்டுங்கள் என்றால், அது கொழும்பில் இருக்கிறதாம்.

கையெழுத்து வைத்தேனா? சத்தியமாக ஞாபகமில்லை. இல்லை என்று சொல்லவும் துணிவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் கந்தோரில் தேநீர் வருவதுபோலவே பிணைப் பத்திரமும் வரும். வாசிக்காமல் கையெழுத்து வைப்பதுதான் நட்பு. தடித்தடி நாவல்களை அடிக்குறிப்பும் விடாமல் வாசித்த நான், அந்தத் தாள்களில் ஒன்றைக்கூட வாசித்ததில்லை.

“இஞ்சாருங்கோ, நீங்கள் வைச்சிருப்பியள்,” என்றாள் மனைவி, குசினிக்குள் இருந்தபடி. வழக்கு அத்தோடு முடிந்தது.

இளையவர் பணிவாகக் கதைத்தார். “முழுக்காசும் இப்ப வேண்டாம் ஐயா. ஒரு ஆயிரம் மட்டும் கட்டி, இந்த ரசீதில ஒரு கையெழுத்து வையுங்கோ. நாங்கள் போயிடுவம்.”

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார். வீடு தேடி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பி எனக்குப் பழக்கமுமில்லை. கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்க்க வருபவர்களுக்குக் கொடுப்பதுபோல் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று அலுமாரியைத் திறக்க எழும்பினேன்.

அந்நேரம் இளையவருக்கு அழைப்பு வந்தது. கதைத்தபடி படலைக்கு வெளியே போனார். அதுவரை வாய் திறக்காமல் மனைவி கொடுத்த தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்த மூத்தவர், கோப்பையைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்: “கட்டாதேங்கோ ஐயா. இது காலம் கடந்த கடன், கோட்டில வழக்குப் போடேலாது. ஆயிரத்தைக் கட்டிக் கையெழுத்தும் வைச்சியள் எண்டா, அதுக்குத் திரும்ப உயிர் வந்திடும்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அப்ப நீங்கள் ஏன் வந்தனீங்கள்?”

“வேலை,” என்றார்.

இளையவர் திரும்பி வந்ததும் அதே மூத்தவர், “என்ன ஐயா, விளையாடுறியளோ? கட்டப்போறியளோ இல்லையோ?” என்று அதட்டினார். எந்த மனிதரை நம்புவது? கோப்பையோடு கதைத்தவரையா, இப்போது கத்துகிறவரையா? குழம்பிப்போய்க் கதிரையில் இருந்துவிட்டேன். “ஏலாது,” என்ற சொல் மட்டும் எப்படியோ வெளியே வந்தது. இளையவர் மிரட்டிப் பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிள் புறப்பட்டது.

திங்கட்கிழமை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன். மூத்தவர் சொன்னது சரிதானாம். அவர் ஏன் சொன்னார்? தேநீருக்காக என்கிறாள் மனைவி. அவளுடைய தேநீரை எனக்குத் தெரியும். அதற்காக யாரும் தன் பிழைப்பில் மண் போடமாட்டார்கள்.

சில மாதங்களின் பின், நகரத்து பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். பக்கத்தில் அதே இளையவர். கும்பிடப் போன என்னை மூத்தவர் ஒரு கணம் பார்த்து, வேண்டாமென்பதுபோல் தலையை அசைத்தார். நான் எதிரே நின்ற பஸ்ஸின் பெயர்ப்பலகையை மிகக் கவனமாக வாசித்தேன். எனக்கு நன்மை செய்த மனிதரை முன்பின் தெரியாதவர்போல் கடந்து போவதுதான் அவருக்கு நான் செய்யக்கூடிய ஒரே நன்றி என்பது, இன்றுவரை எனக்குச் சரியாகச் செரிக்கவில்லை.