மேடம் கரண்ட் கொடுக்க மறுத்த நாள்

இப்போதெல்லாம் சோதனை முடிவு லேப்டாப் திரையிலேயே வந்துவிடுகிறது. அன்று கருவி ஒரு சாண் நீளக் காகிதத்தைத்தான் துப்பியது. அதில் மூன்று கோடுகள்; மூன்று பேஸ், அதாவது மூன்று மின்தடங்களும், எந்தக் கணத்தில் துண்டிக்கப்படுகின்றன என்று காட்டுபவை. இரண்டு ஒரே இடத்தில் சடாரென்று இறங்கின. மூன்றாவது மட்டும் கொஞ்சம் பிந்தி இறங்கியது. அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தபடி நின்றார் எங்கள் உதவிப் பொறியாளர். ஆரணியை அடுத்த சேத்துப்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்; துணைமின் நிலையத்தில் எல்லோருக்கும் ‘மேடம்’. நான் அங்கே ஆபரேட்டர்.

ஆரணியில் அன்று மாதாந்திரப் பராமரிப்பு. மதியம் இரண்டு மணிக்கு மின்சாரம் வந்துவிடும் என்று அறிவித்திருந்தோம். முகூர்த்த மாதம், விசைத்தறிகளெல்லாம் காத்துக் கிடந்தன. ஆபத்து வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய பெரிய பிரேக்கரில்தான் அந்தப் பிசகு.

“சின்ன வித்தியாசந்தானே மேடம், அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்றேன். எனக்கு வீட்டுக்குப் போகும் அவசரம்.

“வருஷம் பூரா சும்மா நின்னுகினு இருக்குற மிஷினுங்க இது. இடி விழும்போது மட்டும் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள மூணு பேஸும் ஒண்ணா கட்டாவணும். ஒண்ணு அசந்தாலும் டிரான்ஸ்பார்மரே போயிடும். கழட்டுங்க.”

இரண்டரை மணிக்கு விசைத்தறிச் சங்கத் தலைவர் கோபமாக வந்து இறங்கினார். “என்னாம்மா இது பேஜாரு? தறியெல்லாம் நின்னுகினு இருக்குது!”

மேடம் காகிதத்தை அவரிடம் நீட்டினார். ஆயிரம் இழைகளுக்கு நடுவே ஒரு இழை பிசகினாலும் கண்டுபிடித்துப் பழகிய கண் அவருடையது. “மூணாவது ஏம்மா லேட்டா வருது?” என்று அவரே கேட்டார்.

“அதுக்குத்தாங்க கழட்டியிருக்கோம்.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன்பின் அவருக்கு வந்த ஒவ்வொரு போனுக்கும் ஒரே பதில்: “சாயங்காலம் ஆவும். கத்தாதீங்கப்பா, வேலை நடக்குது.”

பிரேக்கரை இயக்கும் தண்டின் பேரிங்கில் கிரீஸ் கல்லாய் இறுகியிருந்தது. சுரண்டி, கழுவி, புதுசு வைத்து, மறுபடி சோதித்தபோது மணி ஐந்தரை. காகிதம் வந்தது. மூன்று கோடுகளும் ஒன்றாக இறங்கியிருந்தன. “வந்துடுச்சு!” என்று மேடம் துள்ளிக் குதித்தார். நாங்கள் கைதட்டினோம், தலைவரும் தட்டினார். வீட்டு நினைப்பே எனக்கு மறந்துபோயிருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, மழையோடு மின்கம்பியில் இடி இறங்கியது. பிரேக்கர் படாரென்று திறந்தது. டிரான்ஸ்பார்மருக்கு ஒரு கீறலும் இல்லை. ஊர் இருட்டியிருந்த அந்த அரை மணி நேரத்தில் சங்கத் தலைவரிடமிருந்து மேடத்துக்குப் போன் வந்தது. நாங்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மா, கரண்ட் போச்சுன்னா இத்தினி வருஷமா திட்டத்தான் போன் பண்ணுவேன். இன்னிக்கு கரெக்டா போச்சுன்னு சொல்லத்தாங்க பண்றேன்!”

மேடம் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.