மாப்பிள்ளை ஏறிய ரேலி கார்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஷா ஆலம் நகரில் தொடங்கிய கதை இது. நடந்ததை இன்று சொன்னாலும் எங்கள் உறவினர்களில் பாதிப் பேர் நம்புவதில்லை.

என் கணவரிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடம்பு. ‘கிராண்ட் டூரிங்’ வகை என்பார். நெடுந்தூரம் வேகமாகவும் சொகுசாகவும் போவதற்கென்றே செய்த வண்டியாம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து அது போய்வந்த நெடுந்தூரம், கார் கழுவும் கடை வரைக்கும்தான்.

“அந்தக் காலத்துல ரேலி பந்தயத்துல ஜெயிச்சதெல்லாம் இந்த மாதிரி காடிங்கதான், தெரியுமா?” என்று யார் வந்தாலும் காரைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். பிறகு நான்கு சக்கரமும் இழுக்கும் சின்னக் கார்கள் வந்து, மண்பாதையில் இவற்றை ஓரங்கட்டிவிட்டதை மட்டும் கொஞ்சம் மெல்லிய குரலில் சொல்வார்.

அப்படிப்பட்டவருக்கு, ஒரு கார் கிளப் நடத்திய ரேலியில் இந்த வகைக் கார்களுக்குத் தனிப்பிரிவு வைத்ததும் தலைகால் புரியவில்லை. அந்தப் பிரிவில் பெயர் கொடுத்தது மூன்றே பேர்.

“கடைசியா வந்தாலும் மூணாவது லா! மூணாவதுக்கும் பரிசுக் கிண்ணம் இருக்கு. ஓட்டி முடிச்சா போதும்.”

பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டிய அவருடைய நண்பர் முதல் நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த இடத்தில் நான் உட்கார வேண்டியதாயிற்று. நான் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். நாள் முழுக்க வாயைத் திறங்க, மூடுங்க என்று சொல்பவளுக்கு இடது, வலது சொல்வதா கஷ்டம் என்று நினைத்துவிட்டேன்.

போட்டிக்காக வேறு வண்டிகள் வராமல் அடைத்துவைத்திருந்த செம்பனைத் தோட்டப் பாதையில் இறங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கார் குலுங்கிய குலுக்கலில் கையிலிருந்த தாளில் எழுத்துகளே நிற்கவில்லை. நான் “இடது” என்று சொல்வதற்குள் அந்த இடது திருப்பம் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. ஒவ்வொரு மேட்டிலும் காரின் அடிவயிறு தேய்ந்தது. தன் வயிற்றையே யாரோ சுரண்டுவதுபோல என் கணவர் முனகினார். எங்களுக்குப் பின்னால் கிளம்பிய சின்னக் கார்கள் மண்ணை வாரி எங்கள் முகத்தில் அடித்துவிட்டுப் பறந்தன.

எப்படியோ பாதை முடிந்தது. அங்கே நின்றிருந்தபோது, போட்டி ஊழியர் ஒருவர் எங்களைத் துரத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார்.

“பாஸ், இது உங்களோடதுதானே?” என்று கறுப்பாக ஒன்றை நீட்டினார். பம்பரில் பாதி. வாங்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டோம்.

இனி சாதாரணப் பொதுச்சாலை. குறித்த நேரத்துக்குள் போட்டி முடியும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் கிண்ணம். காப்பார் ஊர்ப் பக்கம் வந்துகொண்டிருந்தபோது, சாலையோரத்தில் புகை விடும் ஒரு கார் நின்றிருந்தது. அதன் முன்னால் பட்டு வேட்டி, தலைப்பாகை, மாலை சகிதமாக ஒரு மாப்பிள்ளை இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள்.

“அண்ணே, முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்தான் இருக்கு. கிள்ளான்ல கோயில் மண்டபம். வேற காடி கூப்பிட்டேன், வரவே இல்ல. ப்ளீஸ் லா அண்ணே!”

கிள்ளானுக்குத் திரும்பினால் கிண்ணம் போச்சு. என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“என்னங்க பார்க்கிறீங்க? அவரு கல்யாணம்ங்க,” என்று நான் இறங்கிவிட்டேன்.

மாப்பிள்ளையை முன்சீட்டில் திணித்தோம். தலைப்பாகை கூரையில் இடித்ததால் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரேலிக்காகப் போட்டிருந்த நான்கு பட்டை பெல்ட்டை மாட்டாமல் வண்டி எடுக்க முடியாது என்று என் கணவர் பிடிவாதமாக மாட்டிவிட்டார். பெயருக்கு இருந்த பின்சீட்டில் நானும் அந்தப் பாதி பம்பரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

நல்ல தார்ச்சாலை. காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த கார் அப்போதுதான் வாய்மூடி, வழுக்கிக்கொண்டு போனது. பதறிக்கொண்டிருந்த மாப்பிள்ளைகூடச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, பறக்குது லா!”

“பறக்கலப்பா, தொண்ணூறுதான். காடி ரோட்டுல உட்கார்ந்து போகுது பாத்தியா?” என் கணவரின் குரலில் அவ்வளவு பெருமை. நான் பம்பரை நழுவவிடாமல் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து தலையாட்டினேன்.

மண்டப வாசலில் நாதஸ்வரம் எங்களைப் பார்த்ததும் உச்சத்துக்குப் போனது. கதவைத் திறந்தாயிற்று. மாப்பிள்ளை மட்டும் இறங்கவில்லை. தோளில் போட்டிருந்த பட்டுத் துண்டின் ஜரிகை பெல்ட் பூட்டுக்குள் போய் வசமாகச் சிக்கியிருந்தது. என் கணவர் பூட்டைத் திருகினார். மாப்பிள்ளையின் மாமா துண்டை இழுத்தார். “மெதுவா, மெதுவா, காஞ்சிபுரம் பட்டு!” என்று ஓர் அம்மா கத்தினார். உள்ளேயிருந்து ஐயர், நேரமாகிறது என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார். மேளக்காரர்கள் எவ்வளவு நேரம்தான் உச்சத்திலேயே வாசிப்பார்கள்?

அப்போது கூட்டம் விலகியது. மணப்பெண்ணே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். குனிந்து உள்ளே பார்த்தாள்.

“துண்டு முக்கியமா, மாப்பிள்ளை முக்கியமா? பட்டையெல்லாம் தளர்த்துங்க. துண்டை விட்டுட்டு ஆள மட்டும் உருவுங்க!”

உடனே என் கணவர் பட்டைகளைத் தளர்த்த, இரண்டு பேர் கால்களைப் பிடிக்க, மாப்பிள்ளை பெல்ட்டுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு வெளியே வந்தார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடியவரின் கழுத்தில் யாரோ வேறு துண்டைப் போட்டார்கள். முகூர்த்தம் தப்பவில்லை.

சேறு படிந்த சட்டையோடு எங்களையும் பந்தியில் உட்கார வைத்தார்கள். வெளியே வந்து பார்த்தால், மேடையில் மணமக்களோடு படம் எடுக்க நின்ற வரிசையைவிடக் காரோடு படம் எடுக்க நின்ற வரிசை நீளம். என் கணவர் பம்பரைக் கையில் பிடித்துக்கொண்டே எல்லாப் படத்திலும் நின்றார். கிண்ணத்தைப் பற்றி அவர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு மட்டும் அந்தப் பெண்ணின் முகம்தான் மனதில் நின்றது. வீட்டிலோ வேலையிடத்திலோ ஏதாவது சிக்கி, ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்கும்போதெல்லாம், எதை விட்டுக்கொடுத்தால் மனுஷன் வெளியே வருவான் என்று முதலில் யோசிக்க அவளிடம்தான் கற்றுக்கொண்டேன்.