எருமைக்குப் பிடிக்காத ஹெலிகாப்டர்

மீஞ்சூரில் உமர் பாரூக்கின் அரிசி மில் என்ஜின் போட்ட சத்தத்தை அடக்கியவர் மெக்கானிக் சுப்பராயன். செங்கல்லால் ஒரு குழி கட்டி, என்ஜினின் புகைக்குழாயை அதற்குள் இறக்கினார். ஊரைக் கூட்டிய இரைச்சல் முனகலாகிவிட்டது. அன்று முதல், சத்தம் என்றால் ஜனங்கள் அவரைத்தான் தேடினார்கள். அவருக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

1958இல் நெல்லுக்குப் பூச்சிமருந்து தெளிக்க ஒரு ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. மறுநாளே பால்காரி பூவம்மாள் அவரிடம் வந்து நின்றாள்.

"அது வந்ததுலேர்ந்து எருமை ஒதைச்சிக்கினு கீது, பாலு எறக்க மாட்டேங்குது. மில்லு வாயை அடைச்ச மாரி இத்தோட வாயையும் அடைச்சிடுண்ணா."

சுப்பராயன் ஸ்பேனரோடு வயலுக்குப் போனார். தகர டின் ஒன்று கொடுத்தால் புகைக்குழாயில் மாட்டி ஒரே நாளில் முடித்துவிடுவதாக விமானி யேசுதாஸிடம் சொன்னார். யேசுதாஸ் சிரிக்கவில்லை. ஏறி உட்காரச் சொன்னார்.

நல்ல உயரத்துக்குப் போனதும் யேசுதாஸ் என்ஜினை அடக்கிவிட்டார். வண்டி கீழே இறங்க ஆரம்பித்தது; மேலே றெக்கைகள் மட்டும் காற்றின் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. பெரியபாளையத்தம்மனுக்கு மொட்டை, கூழ், ஆடு என்று வேண்டிக்கொண்டே போனார் சுப்பராயன். ஆனால் அந்த நிலையிலும் காது வேலை செய்தது. என்ஜின் முனகலாகிவிட்டது, தலைக்கு மேலே 'டப் டப்' மட்டும் நிற்கவில்லை.

தரையிறங்கியதும் யேசுதாஸ் விளக்கினார். "ஒரு றெக்கை கலக்கிவிட்ட காத்துல அடுத்த றெக்கை போயி அடிக்குது. மெதுவா சுத்த விட்டா சத்தம் கொறையும். ஆனா நம்மளைத் தூக்காது. உன் டின்னை எங்க மாட்டுவ?"

சுப்பராயன் ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டார். எருமை கறக்கும் நேரத்தையாவது விட்டுப் பறக்க முடியுமா என்று கேட்டார். அது முடியும் என்றார் யேசுதாஸ்.

மறுநாள் எருமை பால் கறந்தது. நேரத்தை மாற்றியதைத் தவிர தான் ஒன்றும் செய்யவில்லை என்று சுப்பராயன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தன்னடக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்த பூவம்மாள் ஒரு சட்டித் தயிர் கொண்டுவந்தாள். அதை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அவர் நேர்மையானவர் அல்ல.

ஆனால் அந்த 'டப் டப்' அவரை விடவில்லை. உமர் பாரூக் வீட்டு மின்விசிறியைக் கழற்றி, றெக்கைகளை வளைத்தும் அரத்தால் ராவியும் பார்த்தார். சத்தம் குறைந்தபோதெல்லாம் காற்றும் குறைந்தது. கடைசியில் அது சத்தமே இல்லாமல் சுற்றியது. அதன் அடியில் உட்கார்ந்து உமர் பாரூக் பனைவிசிறியால் வீசிக்கொண்டிருந்தார்.